வெள்ளை வேனில் ஏழு உள்ளங்கைகள்

பிப்ரவரி 3, 2009, செவ்வாய்

முப்பத்தொரு விடைத்தாள் திருத்தினேன். முப்பத்தொன்றிலும் மழை என்றால் சோகம், கண்ணாடி என்றால் தனிமை, ஓடுகிற குதிரை என்றால் விடுதலை. ராக் பாட்டு வீடியோவை எப்படிப் பார்ப்பதென்று ஒரு பருவம் முழுக்கக் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள் என்றேன். முதல் பத்தியில் கதை: யார், எங்கே, எதைத் தேடிப் போகிறார்கள். இரண்டாவதில் வாசிப்பு: குழு எங்கே நிற்கிறது, யாருக்காக வாசிக்கிறது. மூன்றாவதில் சின்னம். மூன்றும் எங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறதோ அங்கே நிறுத்திப் பாருங்கள் என்றேன். பலகையில் என் வழக்கமான வரியையும் எழுதிப் போட்டேன்: சட்டகத்துக்குள் தற்செயலாக எதுவும் வருவதில்லை.

சாயங்காலம் கீழ் மாடி ஹைஸம் வந்தான். லிஃப்ட் நோன்பு மாதத்திலிருந்தே ஓடவில்லை, மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். இருபத்து மூன்று வயது. அவன் டிரம்ஸ் வாசிக்கிற குழுவுக்கு 'உப்பு' என்று பெயர். பாட்டை எழுதியது, வீடியோவை எடுத்தது, வெட்டி ஒட்டியது எல்லாம் அவனேதான்.

"அக்கா, ஒரு மூணு நிமிஷம் நாப்பது செகண்ட் உங்க உசுர வாங்கலாமா?"

"வாங்கிட்டுப் போ. முப்பத்தொரு பேரு ஏற்கெனவே வாங்கிட்டாங்க."

பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். அவனை அனுப்பிவிட்டு மேலும் நான்கு முறை பார்த்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கலை இதழுக்கு ஹைஸமின் வீடியோவைப் பற்றிய கட்டுரை தானாக எழுதிக்கொள்கிறது. பல வருடமாயிற்று இப்படி நடந்து.

கதை எளியது. ஒரு கல்யாணத்தில் வாசிக்க நான்கு பேர் வேனில் கடலோரமாகப் போகிறார்கள், கல்யாண வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான். வாசிப்பு ஊருக்கு வெளியே மெக்ஸ் உப்பளத்தில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பாடகனின் முகம் ஒரு முறைகூடத் தெரியவில்லை. கதையில் வழி கேட்டு அலைகிறவர்கள் வாசிப்பில் யாரையும் சட்டை செய்வதில்லை. அந்த முட்டலே எனக்குப் போதும்.

ஆனால் சின்னங்கள்! பழைய வெள்ளை ரொட்டி வேனின் பக்கவாட்டில் ஏழு சிவப்பு உள்ளங்கைகள். டிரம்ஸ் காலில் கட்டியிருக்கும் ஒரு கறுப்பு ஆடு. உப்பு வெளியில் தனியாக எரிகிற ஒரு மர நாற்காலி.

எழுதினேன்: "இது தலைகீழாக்கப்பட்ட பலி. தந்தையர் நம்பிய பலிபீடத்தை மகன்கள் சக்கரங்களின் மேல் ஏற்றி ஊரைவிட்டு ஓட்டிப் போகிறார்கள். ஆடு காத்திருக்கிறது, கத்தி வருவதில்லை. இரத்தம் ஏற்கெனவே சிந்தியாயிற்று. ஆளில்லாத அரியணை எரிகிறது."

நல்ல வரிகள்தான், என் பலகை வரியையும் முதலிலேயே சேர்த்திருந்தேன். நானே வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். அந்த உள்ளங்கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். டிசம்பரில் வேன் வாங்கிய அன்று ஹைஸமின் அம்மா இன்ஷிராஹ் தெருவில் ஆடு வெட்டச் சொல்லி, இரத்தத்தில் கை நனைத்து, திருஷ்டி படாமல் இருக்க வேனில் அப்பினாள். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு தட்டு ஃபத்தா, ரொட்டியும் சோறும் மேலே கறியும், வந்தது, சாப்பிட்டேன். புது வண்டி வாங்கினால் இந்த ஊரில் பாதிப்பேர் செய்கிற காரியம்தான்.

அதைக் கட்டுரையில் எழுதினால் கட்டுரையே இல்லை. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இதழ் வந்துவிட்டது. கெய்ரோவிலிருந்து இரண்டு பேர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஹைஸம் நான்கு பிரதி வாங்கி வைத்திருக்கிறான், படியிலேயே பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இவ்வளவையுமா நாங்க யோசிச்சோம்?"

"நீங்க யோசிக்கல. உங்களுக்குள்ள அது யோசிச்சுக்கிச்சு."

"அரியணையாம்! டேய் ஹைஸம், நீ பெரிய ஆளுடா!" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். ஒரு மனிதனை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடிகிறதே என்று எனக்கும் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாலைப் பத்திரிகை ஒன்றின் முதல் பக்கம்: "கடற்கரையில் இரத்தச் சடங்கு." வேனின் படம். கீழே என் வரிகள், என் பெயர், என் பட்டம் உட்பட. 'தலைகீழாக்கப்பட்ட பலி' கொட்டை எழுத்தில்.

இதழுக்கு ஃபோன் செய்தேன். "விளம்பரம்தானே டாக்டர், விடுங்க" என்று சிரிக்கிறார்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஹைஸமைக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலை ஏழு மணி. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம். இன்ஷிராஹ். காலில் செருப்பில்லை, தலையில் துணி அரைகுறை. "டாக்டரம்மா, புள்ளைய இழுத்துட்டுப் போறாங்க. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. நீ படிச்சவ, நீ வந்து கேளு." வாயில் நுரையோடு நின்றேன். துப்பக்கூடத் தோன்றவில்லை. இறங்கி ஓடியபோது தெருவில் வேன் மட்டும் நின்றது. அதன்மேல் ஒரு காவலாள் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

எதுக்குன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்ல வாய் வரல.

பிப்ரவரி 25, புதன்

வக்கீல் மக்ரம். என் கணவராக இருந்தவரின் நண்பர், எனக்குத் தெரிந்த ஒரே வக்கீல். கோப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ஷாஹிந்தா, குற்றப்பத்திரிகைன்னு அவங்க தனியா ஒண்ணும் எழுதல. உங்க கட்டுரையத்தான் பின் போட்டு வச்சிருக்காங்க. பச்சை மையில அடிக்கோடு. பலிபீடத்துக்கு மதத்த இழிவுபடுத்தினதா ஒரு பிரிவு. அரியணைக்கு அரசாங்கத்துக்கு எதிரா ஒரு பிரிவு. ரெண்டும் நின்னா மூணு வருஷத்துக்குக் குறையாது."

"அது ஒரு வாசிப்பு மக்ரம்! விமர்சனம்!"

"உங்களுக்கு விமர்சனம். அங்க அது நிபுணர் சாட்சியம். காசு கொடுத்தாக்கூட இப்படி ஒண்ணு அவங்களுக்குக் கிடைக்காது."

மூன்று வருஷம். என் வாக்கியங்களுக்காக. அவன் எழுதாத வாக்கியங்களுக்காக.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்ஷிராஹிடம் சொன்னேன். அவள் சமையலறையில் நின்றபடி, ஒரே மூச்சில். நான் எழுதியதுதான், அதைப் பார்த்துத்தான் பிடித்தார்கள் என்று.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முட்டாள் குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அது ஆட்டு ரத்தம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"நீ பால்கனில நின்னுட்டிருந்த. நான் மேல பார்த்துக் கைய ஆட்டினேன்."

"ஆமா."

"கறி சரியா வெந்திருக்கான்னு ஆள் விட்டுக் கேட்டேன். நல்லா வெந்திருக்குன்ன." வேனில் அப்பிய கையை என் முன்னால் விரித்தாள். "அப்புறம் ஏன் வேற எழுதின?"

முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். மாடியேறி வந்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

மற்றதையும் விசாரித்தேன். குழுவின் கித்தார்காரன் ஃபோனில் பயந்து பயந்து பேசினான்.

ஆடு யாருடையது? உப்பளத்துப் பக்கம் மந்தை மேய்க்கிற ஒருவருடையது. தொழப் போகும்போது, முரட்டு ஆடு, ஓடிவிடும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டிரம்ஸில் கட்டிவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் வெளிச்சம் போய்விடுமே என்று படம் பிடித்தார்கள். நாற்காலி? யாரோ உட்கார்ந்தபோது அதன் கால் முறிந்தது. காற்று அடித்தது. குளிர் காய எரித்தார்கள்.

சிரித்துவிட்டேன். அப்புறம் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தேன்.

மார்ச் 4, புதன்

நிம்மதியாக எழுதி முடித்தேன் — என் கட்டுரை தவறு, ஆதாரமற்றது, கற்பனை என்று இரண்டு பக்கத்தில் வாக்குமூலம். மக்ரமிடம் கொடுத்தேன். படிக்கவே இல்லை. மடித்து மேசைமேல் வைத்தார்.

"இத வச்சு ஒண்ணும் ஆகாது. நேத்து பையனோட வாக்குமூலம் கையில கிடைச்சது."

"என்ன சொன்னான்? ஆடு, நாற்காலி எல்லாம் சொன்னானா?"

"இல்ல. உங்க கட்டுரைய முன்னால வச்சு, இதெல்லாம் உன் எண்ணம்தானான்னு கேட்டிருக்காங்க. ஆமான்னிருக்கான்."

"அடிச்சாங்களா?"

"தொடக்கூட இல்ல. டீ வாங்கிக் கொடுத்திருக்காங்க. ஷாஹிந்தா, அவன் நெஞ்ச நிமித்திச் சொல்லியிருக்கான். 'டாக்டர் எழுதினது ஒவ்வொரு வரியும் உண்மை. ஒரு கலைஞனா அதுக்கு நான் பொறுப்பு.' ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து. அரியணைக்குப் பக்கத்துல ரெண்டு தடவ போட்டிருக்கான்."

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை, டிராமில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கி நடந்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

ஏண்டா? ஏண்டா சொன்ன?

பயந்தா? இல்லை. பயந்தவன் இல்லையென்றுதானே சொல்வான்.

சந்தோஷத்தில். அவனை இதுவரை யாரும் கலைஞன் என்று சொன்னதில்லை. கல்லூரியில் இரண்டு முறை தோற்றவன். தெருவில் 'தகரம் தட்டுகிறவன்' என்பார்கள். முதல்முறையாக ஒருத்தி, பட்டம் வாங்கியவள், அச்சில், அவன் தலைக்குள் பலிபீடமும் அரியணையும் இருப்பதாக எழுதினாள். அதை இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சிறைக்குப் போனாலும் பரவாயில்லை, அந்த ஆள் நானாக இருக்க வேண்டும்.

இது என் ஊகம்தான். இதுவும் ஒரு வாசிப்புதான். கையை வெட்டிப்போட வேண்டும் எனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

மக்ரம் வழி சொல்கிறார். அவரது வார்த்தைகளிலேயே எழுதுகிறேன், பிறகு நான் மாற்றிச் சொல்லக் கூடாது:

"கட்டுரை தப்புன்னா பத்தாது. அவன்தான் சரின்னுட்டானே. அப்படி யோசிக்க அவனால முடியாதுன்னு நீங்க நிரூபிக்கணும். அவன் முன்னாலயே. இரக்கப்படாதீங்க. இரக்கப்பட்டா மூணு வருஷம்."

நான் பாடம் நடத்தும் கல்விக்கழகத்தின் தலைவரும் கூப்பிட்டிருந்தார். நான் அரசு வழக்கறிஞரிடம் போய் இதற்கெல்லாம் அர்த்தமே இல்லை என்று சொன்னால், நாளை வகுப்பில் எதைச் சொல்லித் தருவேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

மார்ச் 11, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அரசு வழக்கறிஞரின் அறை. மேசைமேல் கணினி, ஓரத்தில் தடித்த பேரேட்டில் எழுதுகிற ஒரு குமாஸ்தா. ஹைஸமை அழைத்து வந்தார்கள். இளைத்திருக்கிறான், தாடி. கைவிலங்கோடே என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அவன் பக்கம் நிற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

வழக்கறிஞர் மரியாதையான மனிதர். "உங்க கட்டுரை ரொம்ப நல்லா இருந்துச்சு டாக்டர். வீட்ல என் மகளும் படிச்சா. சட்டகத்துக்குள்ள தற்செயலா எதுவும் வராதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"வகுப்புக்காகச் சொல்றது அது. இந்த வீடியோவுல எல்லாமே தற்செயல்தான்."

"இவரு அப்படிச் சொல்லலையே."

"போட்டுக் காட்டுங்க சார்" என்றேன்.

வீடியோ ஓடியது. ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தச் சொன்னேன், வகுப்பில் செய்வதுபோலவே. முதுகைக் காட்டி வாசிக்கிறார்களே, ஏன்? பாடகனுக்கு வாய் அசைக்கத் தெரியாது, பாட்டோடு ஒட்டவில்லை, அதனால் முகத்தைக் காட்டவில்லை. வேனில் சிவப்புக் கைகள்? வண்டி வாங்கிய அன்று அவன் அம்மா திருஷ்டிக்கு அப்பிய ஆட்டு இரத்தம். கல்யாண வீடு ஏன் கிடைக்கவில்லை? கல்யாணக் காட்சியில் நடிக்க ஆள் சேர்க்க இவர்களால் முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஹைஸமின் சிரிப்பு போயிற்று.

"இல்ல சார்" என்றான். "அக்கா என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாங்க. நான் யோசிச்சுதான் செஞ்சேன்."

அவனைப் பார்த்துத் திரும்பினேன். இரக்கப்படாதே, இரக்கப்படாதே.

"அந்த ஆட்ட யாரு கட்டினா ஹைஸம்?"

குமாஸ்தாவின் பேரேட்டைப் பார்த்தான்.

"சொல்லு. நீயா கட்டின?"

"...ஆட்டுக்காரரு."

"ஏன் கட்டினாரு?"

"தொழப் போனாரு. முட்டுற ஆடு, அதான்."

"பலிபீடம்ங்கற வார்த்தைய என் கட்டுரைக்கு முன்னால வாழ்க்கையில என்னைக்காவது நீ சொல்லியிருக்கியா?"

தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. வழக்கறிஞரைப் பார்த்துச் சொன்னேன் — சொன்னபடியே எழுதுகிறேன் — "சார், இவனுக்குப் பாட்டுல தாளம் போடத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. எனக்குப் பக்கம் நிரப்ப வேண்டியிருந்துச்சு, இவன் தலையில நான் சரக்க ஏத்தினேன். இவன் அத வாங்கி மாட்டிக்கிட்டான், அடுத்தவன் கோட்டை மாட்டிக்கிற மாதிரி. இது வேனு, இது ஆடு, இது ஒடஞ்ச நாற்காலி. உள்ள ஒண்ணுமே இல்ல."

முதலில் சிரித்தது குமாஸ்தா. "எங்க மச்சான் டாக்சி வாங்கினப்பக்கூட எங்க மாமியா இப்படித்தான் சார் அப்பினாங்க, கண்ணாடியே தெரியல, மறுநாள் போய் இடிச்சுட்டான்." வழக்கறிஞரும் சிரித்துவிட்டார். வாசலில் நின்ற காவலர்கூடச் சிரித்தார். மக்ரம் என் முழங்கையை அழுத்தினார், நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

அறையில் சிரிக்காத ஆட்கள் இரண்டு பேர்.

மார்ச் 12, வியாழன்

விட்டுவிட்டார்கள். மூன்றாம் மாடியிலிருந்து பெண்களின் குலவைச் சத்தம். நான் கீழே போகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இன்ஷிராஹ் மேலே வந்தாள். என் கையை இழுத்து முத்தமிட்டாள். "புள்ளைய அவமானப்படுத்தினியாமே, மக்ரம் சொன்னாரு. நல்லா செஞ்ச. மானம் போனா திரும்பி வந்துடும், மூணு வருஷம் வராது."

அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"சாப்பிடறான், தூங்கறான். பெரியப்பாவோட டயர் கடைக்குப் போறான். அந்தத் தகரத்த இன்னும் தொடல" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மார்ச் 29, ஞாயிறு

வகுப்பில் ஒரு வீடியோவைப் போட்டு நிறுத்திவிட்டுப் பலகைமுன் நின்றேன். சாக்பீஸ் கையில். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு பெண், "டாக்டர், இத எடுத்தவங்ககிட்டயே போய்க் கேட்டா என்ன?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். போன வருடமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 20, திங்கள்

வசந்தப் பண்டிகை. கட்டடம் முழுக்கக் கருவாட்டு வாசனை, வெங்காயத்தாள், சாயம் பூசிய முட்டை, கடற்கரைக்குப் போகிற கூச்சல். ரொட்டி வாங்கி வரக் கீழே இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஹைஸம் எதிரே வந்தான். டயர் கடைக் கரி நகக்கண்ணில். நாற்பது நாளாக இருவரும் மாற்றி மாற்றி நேரம் பார்த்துப் படியிறங்கிக்கொண்டிருந்தோம், இன்று தப்பிக்க வழியில்லை.

"பண்டிகை வாழ்த்துகள் அக்கா."

"உனக்கும். ஹைஸம், அன்னைக்கு நான் —"

"தெரியும் அக்கா. மக்ரம் சார் எல்லாம் சொன்னாரு. நீங்க அப்படிப் பேசலைன்னா நான் இன்னும் உள்ளதான் இருப்பேன். எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல." உண்மையிலேயே அவன் முகத்தில் கோபம் இல்லை. கைப்பிடிச் சுவரை விரலால் சுரண்டினான். "நேத்து வீடியோவப் போட்டுப் பார்த்தேன். எடுத்தப்ப அதுல ஏதோ ஒண்ணு இருந்துச்சுக்கா. நீங்க எழுதறதுக்கு முன்னாடியே. வெட்டி ஒட்டறப்ப எனக்கு அழுகைகூட வந்துச்சு. என்னன்னு சொல்லத்தான் அப்பத் தெரியல. நீங்க எழுதினதும், ஓ, இதுதான் போலன்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப எத்தனை தடவ பார்த்தாலும் ஒரு வேன் போறதுதான் தெரியுது."

வழிவிட்டு ஒதுங்கி நின்றான். நான் இறங்கிப் போய் ரொட்டி வாங்கினேன். திரும்பி வந்து பையை மேசைமேல் வைத்தபிறகுதான் உறைத்தது. அவன் முதல்நாள் மூச்சிரைக்க வந்து நின்றபோதும் சரி, இன்றும் சரி, அது என்ன என்று நான் அவனைக் கேட்கவே இல்லை.